இரண்டாவது பிரேக்

குச்சியை எடு, ஓட்டையில் வை. எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், அதற்கப்புறம்? அடுத்த குச்சியை எடு, அடுத்த ஓட்டையில் வை. எல்லா ஓட்டையும் நிரம்பிவிட்டால்? எல்லாவற்றையும் பிடுங்கித் தட்டில் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. பைத்தியம் பிடித்தவன்கூட இதைச் செய்யமாட்டான். பைத்தியம் தெளிந்தவன் செய்வானாம், கை விழுந்தவன் செய்வானாம், அப்படித்தான் இந்தப் பெண் சொல்கிறாள். கதவுக்கு மேலே 'தொழில்வழி சிகிச்சை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். என் தொழில் ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அண்ணமார் டிரைவிங் ஸ்கூல் சென்னியப்பன் என்றால் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற நாய்க்கும் தெரியும். அந்தத் தொழிலுக்கும் இந்த மஞ்சள் குச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் நாளே கேட்டேன். எல்லாம் சம்பந்தம் இருக்குப்பா, நீங்க வைங்கப்பா என்றாள். அப்பாவாம். பார்க்கிற கிழவனையெல்லாம் அப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. ஜெபசெல்வி என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் ஒரு பேனா. நல்ல பெண்தான், குரலில் ஒரு நாளும் சலிப்பு வந்ததில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்குச் சலிக்கிறது, அவளுக்கும் சலிக்கும், அதை ஒளித்துவைத்துக்கொண்டு சூப்பர்ப்பா சூப்பர்ப்பா என்றால் யாரை ஏமாற்றுகிறாள். மஞ்சளை எடுங்க. எடுக்கிறேன். எடுக்கவில்லை. தோள்தான் எழும்பிக் காதுப் பக்கம் வருகிறது, கை வந்த வழியே தொங்குகிறது. தோளை இறக்குங்க என்கிறாள். தோளை இறக்கினால் உடம்பு முன்னால் சாய்கிறது. சாயாதீங்க என்கிறாள். சாயாமல், தோள் ஏறாமல், கையை மட்டும் நீட்டு என்றால் அந்தக் கை நீளுகிற கையாக இருந்தால் நான் ஏன் அம்மிணி இங்கே வந்து உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

நாலு மாசமாக இந்தக் கை எனக்கு விருந்தாளி. என்னோடு வருகிறது, என்னோடு தூங்குகிறது, ஒரு வேலை செய்வதில்லை. மூடினால் திறக்காது, இடது கையால் விரல் விரலாகப் பிரித்தால் உள்ளங்கையில் ஊறின வேர்வை நாற்றம். வாய் கோணியது ஒரு மாதத்தில் நேராகிவிட்டது, பேச்சு வந்துவிட்டது, வலது கால் தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு இரக்கப்பட்டது. கைதான் வீம்பு பிடிக்கிறது. இன்றைக்குப் பயிற்சி முடிகிற நேரத்துக்கு டாக்டர் வருகிறார். போன தடவையே என் பெண்டாட்டி துளசிமணியிடம் தாழ்வாரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், என் காது நன்றாகத்தான் இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோயிற்று. பேஷன்ட்டுக்கு ஈடுபாடு இல்லை, ஈடுபாடு இல்லாமல் நாங்கள் என்ன செய்தாலும் கை வராது, இன்னொரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் இந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று கை விழுந்த எவனுக்கும் தெரியும். ஈடுபாடு! கோயிலில் சாமி கும்பிடுகிறவனுக்கு ஈடுபாடு வேண்டும், சீட்டாடுகிறவனுக்கு அது கேட்காமலே வரும். குச்சியில் எப்படி ஐயா ஈடுபடுவது? எனக்கு வேண்டியது குச்சி இல்லை, சோறு. தை மாதம் தங்கச்சி ருக்குமணி மகனுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். பந்தியில் முதல் இலை எனக்குத்தான் போடுவார்கள், எதிர்வரிசையில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். இடது கையால் இலையைத் தொட முடியுமா? ஸ்பூன் கொண்டுவந்து துளசி பக்கத்தில் நின்று ஊட்டினால் ஊரே பார்க்கும், எவனும் சிரிக்கமாட்டான், அத்தனை பேரும் உச்சுக்கொட்டுவார்கள், அதைவிடச் சிரித்துத் தொலைக்கலாம். போகாமல் இருந்துவிடலாம் என்றால் ருக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வாள், அண்ணன் வராமல் மணவறையில் மாப்பிள்ளை ஏறமாட்டான் என்பாள், சொன்னால் செய்வாள், எங்கள் வீட்டு வீம்பு. இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் சொல்லலாம்தான். எதில் ஆசை, கை வந்தால் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என் மகள் வயதுப் பெண்ணிடம், அம்மிணி, எனக்குச் சோற்றைப் பிசைந்து வாயில் போட ஆசை என்று எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு குச்சிப் பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஒன்றுமில்லை என்றவனுக்குக் குச்சி, அவ்வளவுதான் நியாயம்.

கதவு கிறீச்சிடுகிறது. துளசிதான். வெளியே இருங்கம்மா என்று இந்தப் பெண் எத்தனை தடவை சொன்னாலும் தண்ணீர் பாட்டில், துண்டு, கைக்குட்டை என்று ஏதாவது ஒரு சாக்கில் உள்ளே வந்துவிடுவாள். வந்தால் சும்மா நிற்பாளா? நான் குச்சியை நோக்கிக் கையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவள் கை பின்னாலிருந்து வந்து குச்சியை எடுத்து ஓட்டையில் வைத்துவிட்டது. "எத்தன நேரமுங்க அவரு சிரமப்படறது" என்று இந்தப் பெண்ணிடம் வேறு சொல்கிறாள். இந்தப் பெண் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். வீட்டிலும் இதே கதை. சட்டைப் பொத்தானில் என் இடது கை போய்ச் சேர்வதற்குள் அவள் விரல் அங்கே இருக்கும். செருப்பில் காலை நுழைப்பதற்குள் குனிந்து நுழைத்துவிடுவாள். சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கும்வரை கண்ணிமைக்காமல் பார்ப்பாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊட்டுவாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, அந்த மரியாதை வேறு. பொறுமையே இல்லாத ஆள் அவள். பொறுமை இல்லாததால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவன் பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாதா என்று யாரோ கேட்டுவிட்டார்கள் என்று கல்யாணமான புதிதில் வாய்க்கால் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் ஒரு வெள்ளாடு ரோட்டைக் கடந்தது. நான் பிரேக் போட்டேன். கொஞ்சம் போனதும் ஒரு சைக்கிள். பிரேக் போட்டேன். சைக்கிளும் இல்லை ஆடும் இல்லை, வளைவு, அப்போதும் போட்டேன், வளைவில் வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, என்ன செய்வது. ஏனுங்க, நான் ஓட்டறனா நீங்க ஓட்டறீங்களா என்றாள். ரெண்டு பேரும்தான் என்றேன். "ஒருக்கா இடிச்சுக்கறேன், உடுங்க" என்றாள். இடிப்பாளாமே! கார் என்ன ஆட்டாங்கல்லா? மறுபடி போட்டேன். கதவைத் திறந்து இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போய் ஏறு ஏறு என்று கூப்பிட்டேன், ஏறவில்லை. அன்றைக்கு வெயில் வேறு. அதற்கப்புறம் ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னால் நீங்களே ஓட்டிக்குங்க என்பாள், இத்தனை வருஷத்தில் இன்னொரு வார்த்தை சொன்னதில்லை.

நீலத்தை எடுங்கப்பா. நீலமும் மஞ்சளும் ஒரே கனம்தானே அம்மிணி, நீலத்துக்கு மட்டும் இந்தக் கை எழுந்து வந்துவிடுமா? எடுக்கிறேன். இதோ எடுக்கிறேன். பிரேக் போடுவது தப்பா என்ன? டிரைவிங் ஸ்கூல் கார் என்றாலே அதுதான். ஓட்டுகிறவன் பக்கம் மூன்று பெடல், என் பக்கம் கிளட்ச் ஒன்று பிரேக் ஒன்று. அவன் காலை நம்பி நான் பக்கத்தில் உட்கார முடியுமா? என் வலது கால் பிரேக்கின் மேல், என் வலது கை அவன் ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தள்ளி, எப்போது வேண்டுமானாலும் பாய்கிற பூனை மாதிரி. அவன் மிரண்டால் நான் பிடித்துவிடுவேன், அவன் மறந்தால் நான் அழுத்திவிடுவேன். சோதனை நாளில்கூட என் கால் சும்மா இருந்ததில்லை. என் ஸ்கூலில் படித்தவன் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு காரை வெளியே எடுக்கப் பயமாக இருக்கிறது சார் என்று சிலர் வந்து நிற்பார்கள். ஓட்ட ஓட்டச் சரியாகும் என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் ஓட்டவில்லை, டிரைவர் வைத்துக்கொண்டார்கள், அது அவர்கள் சோம்பல். ரேணுகாதேவி மாதிரி ஆள்களும் உண்டு, நர்சரிப் பள்ளி டீச்சர், பாவம், இரண்டாவது கியரை விட்டு மேலே ஏறவேமாட்டாள். மூன்றாவது போடு என்று தொண்டை வறளக் கத்தினாலும் போடமாட்டாள். அன்றைக்கும் போடவில்லை. நேரே வந்து நிற்கிறது பார் அந்த நாள், குச்சியைப் பார்த்தாலும் அது, ஃபேனைப் பார்த்தாலும் அது. அதே வாய்க்கால் ரோடு, அதே வளைவு. அவள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகம் திருப்பினாள், பிடிக்கலாம் என்று கையை அனுப்பினேன். போகவில்லை. மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி. காலை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது, தண்ணீர் கண்ணாடிக்கு நேராக வந்தது, ஓட்டத்தில் ஒரு தென்னை மட்டை மிதந்து போனதுகூடத் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? காத்துக்கொண்டிருந்தாள். என் காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் படித்த எல்லோரும் அப்படித்தான். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, அவள் கால் அழுத்தியது, கார் கரையில் குலுங்கி நின்றது. வேர்த்து வடிய என் பக்கம் திரும்பி, "சார், நீங்க பிரேக் போடலீங்களா?" என்று கேட்டாள்.

கேட்டவள் என் வாயைப் பார்த்தாள். பார்த்தவள் கத்தவில்லை. பின்னால் எடுத்தாள், அவள் அதுவரை பின்னால் எடுத்ததே கிடையாது, நான்தான் எடுத்துக்கொடுப்பேன், எடுத்தாள், திருப்பினாள், ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே ஊருக்குள் வந்தாள், சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து இந்த ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள், வழி முழுக்க இரண்டாவது கியர். இன்ஜின் கதறியது. மூன்று போடு, மூன்று போடு என்று சொல்லப் பார்க்கிறேன், வாயில் எச்சில்தான் வருகிறது. என் உயிர் போகிறதா என்று நான் நினைக்கவில்லை, மூன்று போடவில்லையே என்றுதான் நினைத்தேன், அப்படிப்பட்ட மண்டை. பிறகு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். "சார், நான் ஓட்டுனனுங்க" என்றாள், அழுகையும் சிரிப்புமாக, முதல் மதிப்பெண் வாங்கின பிள்ளை மாதிரி முகம். நன்றி சொல்லவேண்டிய இடம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வருதாட்ட இருக்குது என்று துளசி சமாளித்தாள். எனக்கு எரிந்தது, இப்போதும் எரிகிறது. இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டத் தெரியாதவளாக இருந்தவள், என் கால் செத்த உடனே ஓட்டுகிறாள் என்றால் என்ன கணக்கு அது? என் கால்தான் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது என்றா? அப்படி இருக்காது. பயத்தில் ஓட்டியிருப்பாள், ஆபத்துக்குப் பாவம் இல்லை. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் என்று நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அடுத்த நாளும் அந்த நினைப்பு வந்து அதே வளைவில் நிற்கிறது.

ஜெபசெல்விக்குப் பொறுக்கவில்லை. மணியைப் பார்க்கிறாள், டாக்டர் வந்துவிடுவார், பலகை காலியாக இருந்தால் அவளுக்கும்தான் தலைகுனிவு. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என் கையின் மேல் அவள் கையை வைக்கிறாள். தினமும் கடைசியில் இதுதான் நடக்கும். குளிர்ச்சியான சின்னக் கை. என் விரல்களை அவள் விரல்கள் பிரிக்கின்றன, குச்சியின் மேல் வைக்கின்றன, மூடுகின்றன, தூக்குகின்றன, ஓட்டைக்கு மேல் கொண்டுபோய் இறக்குகின்றன. சூப்பர்ப்பா. பேனாவை எடுத்து ஒரு கோடு போடுகிறாள். அடுத்தது. பிரி, வை, மூடு, தூக்கு, இறக்கு. சூப்பர்ப்பா, வெச்சிட்டீங்க பாருங்க. நான் எங்கே வைத்தேன்? நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குப் போயிருந்தாலும் அந்தக் குச்சி ஓட்டைக்குள் போயிருக்கும். பலகை நிரம்புகிறது, கோடுகள் ஏறுகின்றன, டாக்டர் வந்து நிரம்பின பலகையைப் பார்ப்பார், நான் பாஸ். லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை வைப்பார்கள், இவள் கை தூத்துக்குடியில் இருக்கும். மார்புக்குள் ஏதோ ஒன்று குப்பென்று ஏறியது. எரிச்சல்தான், ஆனால் வேறு மாதிரி எரிச்சல், இத்தனை நாள் இவள்மேலும் துளசிமேலும் கைமேலும் பட்டுக்கொண்டிருந்த எரிச்சல் அத்தனையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த மாதிரி. என் கையின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தேன். அது எங்கே இருக்கவேண்டுமோ அங்கேதான் இருந்தது, ஸ்டியரிங்குக்கு ஒரு சாண்கூடத் தள்ளியில்லை. அட, நாசமாய்ப்போக. இது என் கைதான். நாளெல்லாம் ஊரார் ஸ்டியரிங்கில் நான் வைத்துக்கொண்டிருந்த கை. இரண்டு பேரும் ஓட்டுகிறோம் என்று அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னேனே.

"அம்மிணி," என்றேன், "குச்சிய வெச்சது நீ."

அவள் சிரித்தாள். இல்லப்பா, சேர்ந்துதான் வெச்சோம் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அது ஒரு கேடு, வாதம் வந்தபிறகு கண்ணுக்குக் கட்டுப்பாடே கிடையாது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலும் வந்துவிடுகிறது. துடைத்துக்கொண்டு சொன்னேன். பலகையை நிரப்பி எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை, தை மாதம் தங்கச்சி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து நான் என் கையால் சாப்பிடவேண்டும், அதற்கு இந்தக் குச்சி உதவுமென்றால் நான் எடுக்கிறேன், விழட்டும், விழுந்தால் விழட்டும், நீ தொடக்கூடாது. சொல்லி முடித்தபிறகு வெட்கமாக இருந்தது. அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். முதல் நாளே இத சொல்லிருக்கக் கூடாதாப்பா என்றாள், அந்தக் குரலில் முதல் தடவையாகச் சலிப்பு இருந்தது, கேட்கவே நன்றாக இருந்தது. நிரம்பிக்கிடந்த பலகையைத் தட்டில் கவிழ்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கை கட்டியிருந்தாலும் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன, எனக்குத் தெரியாதா அந்த அவஸ்தை.

இப்போது நானும் கையும்தான். போ என்றேன். தோள் ஏறியது. இறக்கினேன். உடம்பு சாய்ந்தது. நிமிர்ந்தேன். எந்தக் கழுதையும் முதல் நாள் இப்படித்தான் கிளட்சை விடும், எடுத்தவுடன் குதிக்கும், அணைந்துபோகும், மறுபடி ஸ்டார்ட் பண்ணு. போ. முழங்கை மேஜையில் உரசிக்கொண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. குச்சியில் கட்டைவிரல் இடித்தது. இடிக்கட்டும். குச்சி உருண்டு தரையில் விழுந்தது. அடுத்ததைத் தட்டின் ஓரத்துக்கு இடது கையால் தள்ளிவைத்தேன். விரலைத் திற. திறக்காது. திற என்று அதட்டினால் இன்னும் இறுகுகிறது, அதட்டினால் எவனும் இறுகத்தான் செய்வான், தோளைத் தளர்த்து, மூச்சை விடு, இப்போது? சுண்டுவிரல் பக்கம் ஏதோ நெகிழ்ந்தது. குச்சி விரல்களுக்குள் போனது. தூக்கு. ஒரு அங்குலம். விழுந்தது. போய்த் தொலை. அடுத்தது. பச்சை. இது கொஞ்சம் மேலே வந்தது, ஓட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, இறக்கலாம் என்று பார்த்தால் இப்போது விரல் விடமாட்டேன் என்கிறது, பிடிக்கச் சொன்னால் விடுவதும் விடச் சொன்னால் பிடிப்பதும், யார் பிள்ளையடா நீ. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. ஃபேன் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கரண்ட் போய் வந்தது என்று பிறகு சொன்னார்கள். வாய்க்கால் எங்கே போயிற்று, ரேணுகாதேவி எங்கே போனாள், துளசி கதவைத் திறந்தாளா இல்லையா, ஒன்றும் தெரியாது. இந்த ஓட்டை இருந்தது, இதன் விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது, எனக்கு முன்னால் எத்தனை பேர் இங்கே முட்டியிருக்கிறார்களோ. அந்த விளிம்பில் பச்சைக் குச்சியின் நுனி ஒரு கணம் நின்றது. பிறகு சாய்ந்து விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது, சத்தமாகவே வந்திருக்க வேண்டும், தலை நிமிர்ந்தால் எதிரே டாக்டர் நிற்கிறார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மேஜையில் காலிப் பலகை, ஒரு குச்சி இல்லை. தரை முழுக்க மஞ்சளும் நீலமும் பச்சையும். இத்தனை கோடு போட்டிருக்கிறதே, குச்சி எங்கே என்று அவர் முகம் கேட்டது. ஜெபசெல்வி எழுந்து நின்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ, தை மாதம் அவள் வாயில்தான் இருந்தது. "ஒண்ணுகூட வைக்கல சார்," என்றாள். "இத்தன நாளா வெச்சதெல்லாம் நான்தான். அப்பா இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்காங்க." டாக்டர் அவளைப் பார்த்தார், குனிந்து காலடியிலிருந்த ஒரு குச்சியை எடுத்து மேஜையில் வைத்தார். இதோடு பேஷன்ட்டை அனுப்பிவிடலாமா என்று கேட்டார். தை வரைக்கும் வேணும் சார் என்றாள். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஏதாவது தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தெரியுமா தெரியாதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இந்தக் கைக்கு மட்டும் தெரியும், அது சொல்லாது. அவள் தரையில் உட்கார்ந்து குச்சிகளைப் பொறுக்கினாள். நாளைக்குக் குச்சி வேண்டாம்ப்பா, வாழையிலையும் சோறும் கொண்டுவாங்க, மேஜையில விரிப்போம் என்றாள், தலை நிமிராமலே.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் துளசி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரிசியும் பருப்பும் சாதம், நெய் விட்டது, மூடியைத் திறந்ததும் பூண்டு வாசம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். பொங்கல் வரைக்கும் என்றேன். சாமி கண்ணைத் திறந்துச்சு என்று சொல்லிக்கொண்டே ஸ்பூனைத் துடைத்தாள், சோற்றை அள்ளினாள், யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னங்க என்றாள். இடது கையால் வலது கையைத் தூக்கி டப்பாவின் விளிம்பில் வைத்தேன். வைத்த இடத்திலிருந்து அது வழுக்கிச் சோற்றுக்குள் விழுந்தது. சூடு தெரிந்தது, நெய் தெரிந்தது, நாலு மாசம் கழித்து. அவள் பதறி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது, கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"ஒருக்கா கீழ போட்டுக்கறேன் துளசி, உடு."

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வெயிலும் வாய்க்காலும் அவள் முகத்தில் வந்து போனதை நான் கண்டேன், அவளுக்கும் மறக்கவில்லை, ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மணிக்கட்டை விட்டாள். ஸ்பூனைப் பைக்குள் போட்டாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். நான் விரல்களைத் திறக்கச் சொன்னேன், கொஞ்சம் திறந்தன, மூடச் சொன்னேன், சோறு பாதி உள்ளே மாட்டியது, பாதி பிதுங்கியது. தூக்கினேன். தோள் ஏறியது, ஏறட்டும். வேட்டியில் விழுந்தது, சட்டையில் விழுந்தது, ஒரு பருக்கை பெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டே கடந்துபோனாள். கை பாதி வழியில் நின்று நடுங்கியது, மேலே வருவேனா கீழே போவேனா என்று. நான் தலையைக் குனிந்து அதை நோக்கிப் போகவில்லை, வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். துளசி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை வெளியே எடுக்காமல். பெஞ்சுக்கு அடியில் அவளுடைய வலது கால் மட்டும் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை.